அறுபடை வீடுகளை ஒரே சுற்றில் தரிசிப்பது எப்படி? நடை நேரத்தை வைத்துப் போட்ட ஐந்து நாள் திட்டம்

ஆறு முருகன் தலங்களையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் இடறுகிறார்கள். ஒன்று, முதல் படைவீடு, இரண்டாம் படைவீடு என்ற வரிசையிலேயே போயாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது. மற்றொன்று, கிலோமீட்டரை மட்டும் கணக்கிட்டுக்கொண்டு புறப்பட்டு, உச்சி வெயிலில் சாத்திய கதவின் முன்னால் போய் நிற்பது. கீழே உள்ள திட்டம் சென்னையில் இருந்து காரில் கிளம்பும் குடும்பத்துக்கானது. வேறு ஊரில் இருந்து வருகிறவர்கள் தங்களுக்கு அருகில் உள்ள தலத்தில் தொடங்கிச் சுற்றை மாற்றிக்கொள்ளலாம், காரணங்கள் மாறாது.

1. முதலில் நாளைக் குறியுங்கள்

ஊர்களை வரைபடத்தில் குறிப்பதற்கு முன்னால் பஞ்சாங்கத்தை எடுங்கள். தைப்பூசமும் பங்குனி உத்திரமும் பழனிக்கு, வைகாசி விசாகமும் ஐப்பசிக் கந்தசஷ்டியும் திருச்செந்தூருக்கு, ஆடிக் கிருத்திகை திருத்தணிக்கு. இந்த நாட்களில் அந்தந்த ஊரில் மாட்டிக்கொண்டால் மீதி ஐந்து தலங்களின் திட்டமும் கலைந்துபோகும். திருவிழாவைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அந்த ஒரு ஊருக்கு மட்டும் போய் வாருங்கள்.

இவற்றை எல்லாரும் பார்த்துவிடுகிறார்கள். கவனத்துக்குத் தப்புவது முகூர்த்த நாள். முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் திருப்பரங்குன்றத்தில் வளர்பிறை முகூர்த்தம் என்றால் கல்யாணக் கூட்டம் தெருவை அடைத்துவிடும். வண்டி நிறுத்தவே அரைமணி நேரம் ஆகும். சுவாமிமலையிலும் அன்றைக்குத் திருமணங்கள் உண்டு.

கார்த்திகை முதல் தேதியில் இருந்து தை பிறக்கும் வரை சபரிமலை செல்லும் ஐயப்ப பக்தர்கள் போகும்போதோ திரும்பும்போதோ பழனிக்கும் செந்தூருக்கும் வருவார்கள். சாதாரணப் புதன்கிழமைகூட அந்த மாதங்களில் சாதாரணமாக இருக்காது. செவ்வாய், சனி, ஞாயிறு, கிருத்திகை, சஷ்டி, தொடர் விடுமுறை ஆகியவற்றையும் கழித்தால் மிஞ்சுவது ஏதாவது ஒரு வாரத்தின் திங்களும் புதன் முதல் வெள்ளி வரையும்தான். ஐந்து நாளில் ஒரு செவ்வாயோ ஞாயிறோ எப்படியும் சிக்கும். செவ்வாய் நடுவில் உள்ள பழமுதிர்ச்சோலையில் விழும்படி அமைத்துக்கொள்வது நல்லது; இரண்டில் எதுவும் பழனியிலோ செந்தூரிலோ விழக் கூடாது. கிரகண நாளைத் தவிர்த்துவிடுங்கள். பெரும்பாலான கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள்.

இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும்: எங்காவது பாலாலயம் நடக்கிறதா? திருப்பணி முடியும்வரை வழிபாட்டைத் தற்காலிகமாக வேறிடத்துக்கு மாற்றுவதுதான் பாலாலயம். அப்படிச் செய்திருந்தால், அவ்வளவு தூரம் போயும் வழக்கமான தரிசனம் கிடைக்காமல் போகலாம். பழனி மலைக்கோயிலுக்கு 2023 ஜனவரியிலும், திருச்செந்தூருக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் 2025 ஜூலையிலும் குடமுழுக்கு முடிந்துவிட்டது. மற்ற மூன்று கோயில்களுக்கும் கிளம்புமுன் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

2. வரிசையை நடை நேரம் தீர்மானிக்கட்டும்

நக்கீரர் பாடிய திருமுருகாற்றுப்படையின் வரிசை திருப்பரங்குன்றம், திருச்சீரலைவாய், திருவாவினன்குடி, திருவேரகம், குன்றுதோறாடல், பழமுதிர்சோலை. இன்றைய ஊர்களாகச் சொன்னால் மதுரை, செந்தூர், பழனி, சுவாமிமலை, திருத்தணி, மறுபடியும் மதுரை. மதுரையில் தொடங்கி மாநிலத்தின் வட எல்லை வரை ஏறி, அங்கிருந்து திரும்பவும் மதுரைக்கு இறங்க வேண்டும். இந்த வரிசையில் போனால்தான் பலன் என்று எந்தக் கோயிலிலும் என்னிடம் சொன்னதில்லை. சொல்பவர்கள் சுற்றுலா வண்டிக்காரர்கள்தான். அவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு.

நடை நேரத்தைப் பாருங்கள். சுவாமிமலையும் திருப்பரங்குன்றமும் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில்தான் திறக்கும். பழனியும் செந்தூரும் காலை முதல் இரவு வரை திறந்தே இருக்கும். பழமுதிர்ச்சோலை காட்டுக்குள் இருப்பதால் இருட்டுவதற்கு முன்பே மலைப்பாதையை அடைத்துவிடுவார்கள். ஆகவே நடை சாத்தும் தலங்களை விடியற்காலையில் வைத்துக்கொள்ள வேண்டும், பகலெல்லாம் திறந்திருக்கும் தலங்களைப் பயணம் முடிந்து சேரும் மாலையில் வைக்க வேண்டும், சோலையை நடுப்பகலில் வைக்க வேண்டும்.

அப்படி வைத்தால் கிடைப்பது இது:

முதல் நாள் காலை திருத்தணி, இரவு கும்பகோணம்.
இரண்டாம் நாள் விடியலில் சுவாமிமலை, மாலையில் பழனி.
மூன்றாம் நாள் பகலில் பழமுதிர்ச்சோலை, இரவு மதுரை.
நான்காம் நாள் விடியலில் திருப்பரங்குன்றம், மாலையில் செந்தூர் சேர்தல்.
ஐந்தாம் நாள் விடியலில் கடல் நீராடித் தரிசனம்.

பழமுதிர்ச்சோலையில் முடித்தால்தான் மனம் நிறையும் என்கிறவர்கள் பழனியில் இருந்து நேரே செந்தூருக்குப் போய்விட்டு மதுரைக்குத் திரும்பலாம். ஒருநாள் முழுக்கச் சாலையில் போகும், அவ்வளவே. நான்கு நாளில் முடிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முடியும், ஆனால் பழனியில் வரிசை நீண்டுவிட்டால் அடுத்த மூன்று தலங்களையும் ஓட்டமாக ஓடித்தான் பார்ப்பீர்கள்.

3. கிளம்புமுன் கையில் இருக்க வேண்டியவை

அறைகள்: கும்பகோணம், பழனி, மதுரை, செந்தூர் என நான்கு இரவு. பழனியையும் செந்தூரையும் முதலில் பதிவு செய்யுங்கள். தேவஸ்தான விடுதிகளைக் கோயில்களின் அதிகாரபூர்வ இணையதளத்தில் பதியலாம். பெயரில் கோயில் இருப்பதெல்லாம் கோயிலுடையது ஆகாது; முகவரி அறநிலையத் துறையுடையதுதானா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

உடை: ஆண்களுக்கு வேட்டி, பெண்களுக்குச் சேலை அல்லது துப்பட்டாவுடன் சுடிதார். செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சந்நிதிக்குள் போக முடியும். தோளில் ஒரு துண்டு இருந்தால் கூச்சம் இருக்காது.

செல்போன்: 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்ய உத்தரவிட்டது. செந்தூரிலும் பழனியிலும் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள். அறையிலேயே வைத்துவிட்டுப் போவது உத்தமம். இல்லையென்றால் ஒப்படைக்க ஒரு வரிசை, திரும்ப வாங்க ஒரு வரிசை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழனி மலைமேல் வெளிப் பிரகாரத்தில் ஒரு பெரியவர் ஊழியரிடம் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். கூட வந்தவர்களைத் தவறவிட்டிருந்தார். மகனின் எண்ணைக் கேட்டால் தெரியவில்லை. எண் அவருடைய செல்போனில் இருந்தது, செல்போன் அடிவாரத்தில் இருந்தது. எனவே இரண்டு எண்களைத் தாளில் எழுதி ஒவ்வொருவர் பையிலும் வையுங்கள். குழந்தைகளின் சட்டைப் பையிலும்கூட. தவறிப்போனால் எங்கே சந்திப்பது என்பதைக் கோயிலுக்குள் நுழையும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ‘கொடிமரம் பக்கம்’ என்று சொல்வது வேலைக்கு ஆகாது. அங்கேதான் எல்லாரும் நிற்பார்கள். செருப்புக் காப்பகம் நல்ல இடம், எப்படியும் அங்கே வந்துதான் ஆக வேண்டும்.

சில்லறை: பத்து, இருபது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம். கோயில் டிக்கெட்டைக் கவுன்டரில் மட்டும் வாங்குங்கள். ‘நேரே உள்ளே அழைத்துப் போகிறேன்’ என்று தெருவிலேயே பிடிக்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் நேரமும் போகும், பணமும் போகும்.

முடிகாணிக்கை: 2021 முதல் அறநிலையத் துறைக் கோயில்களில் இதற்குக் கட்டணம் கிடையாது. செலுத்துவதாக இருந்தால் எந்தத் தலத்தில் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். முடி இறக்கி, குளித்து, சந்தனம் தடவிக்கொண்டு பிறகு தரிசனம் என்பதுதான் முறை. தரிசனத்துக்குப் பிறகு நினைவு வந்தால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

4. திருத்தணி: சீக்கிரம் போய்ச் சீக்கிரம் இறங்குங்கள்

சென்னையில் இருந்து சுமார் 85 கிலோமீட்டர். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் மேலே இருக்கலாம். ஆண்டின் நாட்களைக் குறிக்கும் 365 படிகள் உண்டு. கார் மேலே வரை போகும். உடம்பு இடம் கொடுத்தால் படியில் ஏறுங்கள். ஓட்டுநரை வண்டியோடு மேலே வரச் சொன்னால் இறங்கும் சிரமம் மிச்சம்.

சூரனை வென்ற சினம் தணிந்த இடம் என்பதால் மற்ற தலங்களைப் போல இங்கே சூரசம்ஹாரம் நடப்பதில்லை, கந்தசஷ்டியில் புஷ்பாஞ்சலிதான். அதை அறியாமல் சம்ஹாரம் பார்க்க வந்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

பத்து மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். காஞ்சிபுரம், திண்டிவனம், விக்கிரவாண்டி வழியாகக் கும்பகோணம் சேர்வதற்குப் பகல் பொழுது முழுவதும் ஆகும். சேர்ந்தவுடன் ‘சுவாமிமலைதான் பக்கத்தில் இருக்கிறதே, இப்போதே போய்விடலாம்’ என்று தோன்றும். ஆறு மணிக்குள் சேர்ந்திருந்தால் போகலாம், அப்படிப் போனால் மறுநாள் பழனிக்குச் சீக்கிரம் கிளம்பலாம். களைப்போடு போவதென்றால் விட்டுவிடுங்கள்.

5. சுவாமிமலை: கீழே தொடங்கி மேலே

கும்பகோணத்தில் இருந்து அரைமணி நேரத்துக்குள் போய்விடலாம். இது இயற்கை மலை அல்ல, கட்டுமலை. கீழ்த்தளத்தில் மீனாட்சி சுந்தரேசுவரர், மேலே சுவாமிநாதர். தந்தைக்கே உபதேசம் செய்த பிள்ளை என்பதால் அவர் மேலே. நேரே மேலே ஏறுவதுதான் இங்கே வழக்கமான தவறு. முதலில் கீழே சுந்தரேசுவரரையும் அம்பாளையும் வணங்கிவிட்டு ஏறுங்கள். இறங்கி வந்த பிறகு கீழ்ச் சந்நிதியைப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை.

அறுபது படிகளுக்கும் பிரபவ முதல் அட்சய வரை தமிழ் ஆண்டுகளின் பெயர்கள். உங்கள் பிறந்த ஆண்டின் பெயரை வீட்டிலேயே பார்த்து வைத்துக்கொண்டால் அந்தப் படியைத் தேடிக்கொண்டே ஏறலாம். பிள்ளைகள் அலுப்பில்லாமல் வருவார்கள். மேலே சந்நிதிக்கு முன் மயிலுக்குப் பதிலாக யானை நிற்பதைக் கவனியுங்கள்.

எட்டு மணிக்குள் காரில் ஏறிவிடுங்கள். வழியில் தஞ்சைப் பெரிய கோயில் வரும். நிறுத்தாதீர்கள். அது அரைமணி நேரத்தில் பார்க்கிற கோயில் அல்ல.

6. பழனி: அடிவாரத்தை விட்டுவிடாதீர்கள்

தஞ்சை, திருச்சி, திண்டுக்கல் வழியாகப் பிற்பகல் மூன்று மணியளவில் பழனி சேரலாம். அறையில் குளித்து, செல்போனை வைத்துவிட்டு முதலில் திருவாவினன்குடி. நக்கீரர் பாடிய படைவீடு மலையடிவாரத்தில் உள்ள இந்தக் கோயில்தான். மலைமேல் இருக்கும் தண்டாயுதபாணியை மட்டும் பார்த்துவிட்டு ‘மூன்றாம் படைவீடு முடிந்தது’ என்று ஊர் திரும்புகிறவர்கள் ஏராளம்.

அடுத்து பாத விநாயகர். அங்கிருந்து மேலே செல்லப் படி, யானைப்பாதை, வின்ச் (தண்டவாளத்தில் இழுத்துச் செல்லும் வண்டி), ரோப்கார் என்று நான்கு வழிகள்.

படிப்பாதையில் 693 படிகள். யானைப்பாதை சுற்றிப் போகும், ஆனால் சரிவு மென்மையானது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு, நேரம் இருந்தால் இதுவே நல்லது. ஏறும்போது யானைப்பாதை, இறங்கும்போது படி என்று பலர் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது தலைகீழாகத் தோன்றுகிறது. முழங்காலுக்கு ஏறுவதைவிடப் படியிறங்குவதுதான் கேடு.

வின்ச் நிலையமும் ரோப்கார் நிலையமும் மலையைச் சுற்றியுள்ள கிரிவீதியில் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. ஒன்றின் வரிசையில் நின்றுவிட்டு மற்றொன்றின் டிக்கெட்டைக் கேட்பது தினமும் நடக்கிறது. ரோப்கார் காற்று பலமாக அடித்தால் நிறுத்தப்படும். ஆனி, ஆடி மாதங்களில் பழனியில் காற்றுக்குப் பஞ்சமே இல்லை. ஆண்டுப் பராமரிப்புக்காகவும் சில வாரங்கள் ஓடாது. ஆகவே வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் ரோப்காரை நம்பித் திட்டம் போடாமல் வின்ச்சை வைத்துப் போடுங்கள். கிரிவீதிக்குள் சொந்த வண்டியை விடமாட்டார்கள். அதற்கான நடையையும் கணக்கில் சேருங்கள்.

மாலையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதற்குக் காரணம் மாலைப் பூசையான சாயரட்சையின் ராஜ அலங்காரம். ஆண்டிக்கோலத்தில் பழகிய பழனி முருகனை அரசக்கோலத்தில் பார்ப்பதற்காகவே கூட்டம் வரும். மாலை மங்கியபின் வெளிப் பிரகாரத்தில் தங்கத்தேர் வரும். முதலில் மூலவர் தரிசனம், பிறகு போகர் சந்நிதி, பிறகு தேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேரைப் பார்த்துவிட்டு வரிசையில் நிற்கலாம் என்று நினைத்தால், தேருக்கு வந்த கூட்டம் முழுவதும் உங்களுக்கு முன்னால் போய்விட்டிருக்கும்.

பஞ்சாமிர்தத்தைத் தேவஸ்தானக் கடைகளில் மட்டும் வாங்குங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. தண்ணீர் சேர்க்காமல் வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் எனச் சேர்ப்பதால்தான் கெடாமல் இருக்கிறது. ஆனாலும் இன்னும் மூன்று நாள் வெயிலில் கார் நிற்கப் போகிறது, டப்பாவைப் பின்பெட்டியில் போடாமல் அறைக்கு எடுத்துப் போங்கள்.

7. பழமுதிர்ச்சோலை: வெளிச்சம் இருக்கும்போதே

பழனியில் இருந்து எட்டு மணிக்குள் கிளம்பினால் பகல் பதினொன்றரைக்குள் அழகர்கோவில். பதினெட்டாம்படிக் கருப்பரை வணங்கிவிட்டு முதலில் மலைமேல் போய்விடுங்கள். கீழே அழகரின் கோயில் நண்பகலில் சாத்திவிடும். அதை மாலை திறந்த பிறகு பார்க்கலாம். இதை மாற்றிச் செய்கிறவர்கள் அழகர் வாசலில் நான்கு மணி வரை காத்திருந்து, மேலே போகும்போது பாதை அடைக்கும் நேரமாகிவிடுகிறது.

முருகன், வள்ளி, தெய்வானை மூவரையும் சேர்ந்தே தரிசிக்கும் தலம். இன்னும் மேலே போனால் ராக்காயி அம்மன் கோயிலும் நூபுர கங்கைத் தீர்த்தமும்.

குரங்குகளைப் பற்றி எல்லாரும் எச்சரிப்பார்கள். யாரும் கேட்பதில்லை. அர்ச்சனைத் தட்டை வெறுங்கையில் ஏந்தாமல் துணிப்பைக்குள் வைத்து எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையின் சரசரப்பு கேட்டாலே அவை இறங்கிவிடும். பிடுங்கினால் விட்டுவிடுங்கள், இழுக்காதீர்கள்.

8. திருப்பரங்குன்றம்: நடை திறக்கும்போது

மதுரையில் தங்கியிருப்பதால் விடியற்காலையிலேயே போய்விடலாம். குடைவரைக் கோயில். சத்தியகிரீசுவரர், பவளக்கனிவாய்ப் பெருமாள், துர்க்கை, கற்பக விநாயகர், முருகன் என ஐவரும் ஒரே பாறையில். கருவறைப் பகுதி நெருக்கமானது. கூட்டம் கூடிவிட்டால் நெரிசலில் ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவீர்கள். முன்னதாகவே ஐவர் எங்கெங்கே என்று அர்ச்சகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பால் வாங்கிக்கொண்டு வந்து மூலவருக்கு அபிஷேகம் கேட்பது புதியவர்களின் வழக்கம். பாறையில் செதுக்கிய திருமேனி என்பதால் இங்கே அபிஷேகம் வேலுக்குத்தான்.

9. திருச்செந்தூர்: முதலில் கடல், பிறகு நாழிக்கிணறு

மதுரையில் இருந்து அருப்புக்கோட்டை, தூத்துக்குடி வழியாகச் சுமார் 180 கிலோமீட்டர். பகலிலேயே சேர்ந்துவிடலாம். அன்று மாலை கடற்கரையைப் பாருங்கள், கோபுரத்தைப் பாருங்கள், வடக்கே வள்ளிக்குகைக்குப் போய் வாருங்கள். கூட்டம் குறைவாக இருந்தால் ஒரு தரிசனமும் செய்யலாம். முறையான தரிசனத்தை விடியலுக்கு வையுங்கள்.

விடிந்ததும் கடல் நீராடல். அண்மை ஆண்டுகளில் இங்கே கடலரிப்பு அதிகம், கரையோரத்திலேயே பள்ளங்கள் இருக்கும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் அலையின் போக்கு மாறும். முழங்கால் அளவு நீரில் உட்கார்ந்து மூழ்கினால் போதும், காவலர்கள் விசில் அடித்தால் வாக்குவாதம் வேண்டாம்.

அதன் பிறகு நாழிக்கிணறு. உப்புக் கடலுக்கு எட்டும் தூரத்தில் குடிக்கத்தக்க நீர் ஊறும் சிறு கிணறு. கடல் உப்பைக் கழுவுவதே இதன் பயன். ஆகவே வரிசையை மாற்றினால் மறுபடி குளிக்க இடம் தேடுவீர்கள். பிறகு அறைக்குப் போய் உலர்ந்த வேட்டி, சேலைக்கு மாறுங்கள். ஈரத்துணியோடு இரண்டு மூன்று மணி நேரம் வரிசையில் நின்றால் முதலில் நடுங்குவது முதியவர்கள்தான்.

தூண்டுகை விநாயகரை வணங்கிவிட்டு உள்ளே. கிழக்கு நோக்கிய மூலவரைப் பார்த்ததும் கூட்டம் வெளியே தள்ளும். அதோடு போய்விடாதீர்கள். தெற்கு நோக்கிய சண்முகர் சந்நிதி தனியே இருக்கிறது. மூலவருக்குப் பின்புறம் உள்ள அறையில் பஞ்சலிங்கங்கள், முருகன் பூசித்த சிவன். தாழ்ந்து குனிந்து நுழைய வேண்டியிருப்பதாலோ என்னவோ, பாதிப்பேர் அதைத் தவறவிடுகிறார்கள். ஊழியர்களிடம் கேட்டால் வழி காட்டுவார்கள்.

பிரசாதமாகக் கிடைக்கும் பன்னீர் இலை விபூதியை மடிப்புக் குலையாமல் சிறு டப்பாவில் வையுங்கள். பையில் போட்டால் இலை நொறுங்கி, விபூதி துணியெல்லாம் பரவிவிடும்.

10. காரில்லாதவர்களுக்கும் முதியவர்களுக்கும்

திருத்தணிக்குச் சென்னையில் இருந்து புறநகர் ரயில் உண்டு; அதைத் தனியே ஒருநாளில் முடித்துவிடுங்கள். கும்பகோணத்துக்கு இரவு ரயில், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் சுவாமிமலை. திருச்சி, திண்டுக்கல் மாறிப் பழனி. அதன்பிறகு மதுரையில் இரண்டு இரவு அறை எடுத்துக்கொண்டு சோலைக்கும் குன்றத்துக்கும் பஸ்ஸில் போய் வரலாம். பெட்டியைச் சுமக்க வேண்டாம். செந்தூரில் இருந்து திரும்ப செந்தூர் எக்ஸ்பிரஸ் எழும்பூர் வரை வரும். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறக்கிறது. திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, அதில் இருந்து பின்னோக்கி மற்ற நாட்களைக் குறியுங்கள்.

60 முதல் 70 வயதுக்குட்பட்டவர்களுக்கு அறநிலையத் துறை 2024 முதல் கட்டணமில்லா அறுபடை வீடு பயணம் நடத்துகிறது. அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும்; வருமானச் சான்று, மருத்துவச் சான்று, ஆதார் நகல் ஆகியவற்றை முன்பே தயாராக வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். இடங்கள் குறைவு என்பதால், அறிவிப்பைப் பார்த்த பிறகு தாலுகா அலுவலகத்துக்குப் போய்ச் சான்று கேட்கத் தொடங்கினால் கடைசித் தேதி கடந்துவிடும்.